ஹைப்ரிட் காரில் விசை எந்த வழியாகச் சக்கரத்தை அடைகிறது என்று கண்டறிவது எப்படி

2022-ஆம் ஆண்டு மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா விற்பனைக்கு வந்தபோது, ஒரே ஷோரூமில், ஒரே உருவத்தில், ஹைப்ரிட் என்ற ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு வேறு கார்கள் அருகருகே நின்றன. ஒன்றின் பெயர் ஸ்மார்ட் ஹைப்ரிட். மற்றொன்றின் பெயர் இன்டெலிஜென்ட் எலெக்ட்ரிக் ஹைப்ரிட். நான்கு சிலிண்டர் சுசுகி இன்ஜினும் மேனுவல் கியரும் கொண்ட முதலாவது லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர் தரும் என்றும், மூன்று சிலிண்டர் டொயோட்டா இன்ஜின் கொண்ட இரண்டாவது 27.97 கிலோமீட்டர் தரும் என்றும் நிறுவனம் அறிவித்தது. இரண்டு இன்ஜின்களும் 1.5 லிட்டர்தான். ஆனால் முதலாவதில் உள்ள மின்மோட்டாரால் காரைத் தனியாக ஓர் அடிகூட நகர்த்த முடியாது. இரண்டாவதோ பெட்ரோல் இன்ஜின் விழிக்கும் முன்பே தெருமுனையைத் தாண்டிவிடும்.

வாங்க வருகிறவர்களில் பலர் இந்த வேறுபாட்டை விலைப்பட்டியலில் மட்டுமே காண்கிறார்கள். பானெட்டுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. மோட்டார் மட்டும் தனியாகக் காரை ஓட்டுமா, இன்ஜினின் விசை சக்கரத்தை இரும்புவழியாக அடைகிறதா மின்கம்பிவழியாக அடைகிறதா, பேட்டரியை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், உலகில் விற்கப்படும் எந்த ஹைப்ரிட்டையும் அதற்குரிய இடத்தில் வைத்துவிடலாம். அந்த விடைகளை நீங்களே கண்டறிவதற்கான வழிமுறையே இக்கட்டுரை.

பெட்ரோல் எங்கே மிச்சமாகிறது

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் அடங்கியிருக்கிறது. மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான். 2015-இல் வந்த நான்காம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் இன்ஜின் தனக்கு உகந்த வேகத்திலும் பாரத்திலும் ஓடும்போது அந்த ஆற்றலில் 40 சதவீதத்தை உழைப்பாக மாற்றியது, அதுவே அன்று பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும், அண்ணா சாலையின் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அதன் திறன் பாதாளத்துக்கு இறங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது சுத்தமாகப் பூஜ்யம். அந்த நேரங்களில் இன்ஜினை அணைத்துவிடுவதுதான் ஹைப்ரிட்டின் முதல் சேமிப்பு.

இரண்டாவது சேமிப்பு பிரேக்கில் இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் கணக்குப்படி 0.05 யூனிட் வருகிறது. சாதாரணக் காரில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இது டிஸ்க்கில் சூடாகி காற்றில் கலந்துவிடுகிறது. அப்படி இருபது முறை நின்றால் ஒரு யூனிட் போயிற்று. ஹைப்ரிட்டில் அதே நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தைத் தானே உறிஞ்சி, மின்சாரமாகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. முழுவதும் திரும்பக் கிடைக்காது, வழியில் மோட்டாரிலும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரிலும், பேட்டரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிக் குறையும். என்றாலும் சாதாரணக் காரில் ஒரு துளியும் திரும்பாத இடத்தில் இது கிடைக்கிறது.

மூன்றாவது சேமிப்பைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதே இல்லை, எனக்கோ அதுதான் மிகவும் பிடித்தது. 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்த இன்ஜினில், வெடித்த வாயு விரியும் தூரம், கலவை அமுக்கப்படும் தூரத்தைவிட அதிகமாக இருந்தது. இன்றைய ஹைப்ரிட் இன்ஜின்கள் இதே பலனை எளிய வழியில் பெறுகின்றன: பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வாங்கும் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும், மிஞ்சிய குறைந்த கலவை வெடித்து முழு நீளத்துக்கும் விரிந்து தன் ஆற்றலை முழுமையாகத் தந்துவிட்டு வெளியேறும். சொட்டுக்குக் கிடைக்கும் உழைப்பு அதிகம். ஆனால் குறைந்த வேகத்தில் இழுவிசை குறைவு, அதனால் தனியாக ஒரு காரில் வைத்தால் ஓட்டுபவர் பிக்கப் இல்லை என்று அலுத்துக்கொள்வார். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரக்கூடியது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால்தான், தனியே விலைபோகாத அந்த இன்ஜின் ஹைப்ரிட்டில் இடம்பிடித்தது.

துணைக்கு மட்டும் மோட்டார்: மைல்டு ஹைப்ரிட்

இந்தியாவில் மைல்டு ஹைப்ரிட் பரவலாகத் தெரியவந்தது 2015-இல் மாருதி சியாஸ் டீசலில் வந்த எஸ்ஹெச்விஎஸ் (ஸ்மார்ட் ஹைப்ரிட் வெஹிக்கிள் பை சுசுகி) அமைப்பால். ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், பெல்ட்டால் இன்ஜினோடு இணைந்த ஒரு மோட்டார் இருக்கும். அது சிக்னலில் அணைந்த இன்ஜினை உதறலின்றிக் கிளப்பும், புறப்படும்போது சிறிது கை கொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது சிறிது மின்சாரம் சேமிக்கும். அவ்வளவே. 12 வோல்ட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஐரோப்பிய கார்களில் காணப்படும் 48 வோல்ட் வகை இதைவிடச் சற்று உரமாக உதவும் என்றாலும், பெரும்பாலானவற்றில் மோட்டார் தனியாக ஓட்டாது என்ற அடிப்படை மாறுவதில்லை. விலை குறைவு, எடை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. நல்ல பெட்ரோல் கார் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இராது. ஹைப்ரிட் என்று நினைத்து வாங்கினால் இருக்கும்.

இருவரும் ஒரே தண்டில்: பேரலல்

1999-இல் வந்த ஹோண்டா இன்சைட்டில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே தட்டையான ஒரு மோட்டார் வைக்கப்பட்டிருந்தது. 2008-இல் இந்தியாவில் விற்ற ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்டும் அதே குடும்பம். மோட்டார் இன்ஜின் தண்டோடு நிரந்தரமாகப் பிணைந்திருந்ததால், மோட்டார் சுழன்றால் இன்ஜினும் கூடவே சுழன்றாக வேண்டும், அந்தச் சுமை வீண். பின்னர் ஹூண்டாய், கியா போன்ற நிறுவனங்கள் இன்ஜினுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கிளட்ச் வைத்து அந்தப் பிணைப்பை அறுத்தன. இப்போது மோட்டார் தனியாகவும் ஓட்டும், கிளட்ச் சேர்ந்தால் இருவரும் சேர்ந்தும் இழுப்பார்கள், விசை வழக்கமான ஆறு கியர்கள் வழியாகவே சக்கரத்துக்குப் போகும். கியர் மாறுவதை உணர்ந்து ஓட்டப் பழகியவர்களுக்கு இந்த வகை மிக இயல்பாகத் தோன்றும். நெடுஞ்சாலையில் இரும்புவழி நேராக இருப்பதால் இழப்பும் குறைவு.

இன்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை: சீரிஸ்

இதற்கு நேர் எதிர்ப்புறம் இருப்பது சீரிஸ் வகை. இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும். சக்கரத்தை ஓட்டுவது மோட்டார் மட்டுமே. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு வண்டியை உருவாக்கினார். நம் ஊர் ஆட்களுக்கு இன்னும் பழக்கமான எடுத்துக்காட்டு பொன்மலை ஷெட்டில் நிற்கும் டீசல் ரயில் இன்ஜின். அதிலும் டீசல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்கள்தான் ரயிலை இழுக்கின்றன. சேமித்து வைக்கும் பேட்டரி மட்டும் அதில் இல்லை.

2016 நவம்பரில் ஜப்பானில் வந்த நிசான் நோட் இ-பவர் இந்த முறையைச் சிறிய குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. ஓட்டுபவருக்கு அது முழு மின்சாரக் காரைப் போலவே இருக்கும்: உடனடி இழுவிசை, கியர் இல்லை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்துவிடும். இன்ஜின் சக்கர வேகத்துக்குக் கட்டுப்படாததால் தனக்கு உகந்த சுழற்சியில் ஓடலாம். ஆனால் ஒரு விலை உண்டு. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்ற மூன்று படிகளில் ஒவ்வொன்றும் 95 சதவீதம் கடத்துவதாக வைத்துக்கொண்டாலும், மூன்றையும் பெருக்கினால் 86 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு நேரடிப் பல்சக்கரம் இதைவிட மிகக் குறைவாகவே இழக்கும். நகரத்துக்குள் இந்த இழப்பு மற்ற சேமிப்புகளில் மறைந்துவிடும், ஆனால் விழுப்புரம் தாண்டி திருச்சி வரை ஒரே வேகத்தில் செல்லும்போது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கூடவே வரும்.

சூரியனும் கோள்களும்: டொயோட்டாவின் வழி

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ், இரும்புவழியா மின்கம்பிவழியா என்ற கேள்விக்கு இரண்டும் என்றே விடை சொன்னது. அதன் நடுவில் இருப்பது கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவே 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம். வெளியே 78 பற்கள் கொண்ட வளையச் சக்கரம். இரண்டுக்கும் இடையே சிறு கோள் சக்கரங்கள் ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டு உருள்கின்றன. இன்ஜின் அந்தத் தாங்கியைச் சுழற்றுகிறது, சூரியச் சக்கரத்தில் முதல் மோட்டார்-ஜெனரேட்டர் இணைந்திருக்கிறது, வளையத்தோடு இரண்டாவது மோட்டாரும் கார் சக்கரங்களும் இணைந்திருக்கின்றன.

பற்களின் எண்ணிக்கையிலேயே முழு அமைப்பின் இரகசியமும் இருக்கிறது. முப்பதும் எழுபத்தெட்டும் சேர்ந்தால் 108. இன்ஜின் தரும் முறுக்குவிசையில் 108-இல் 78 பங்கு, அதாவது 72 சதவீதம், வளையம் வழியே நேரே சக்கரத்துக்குப் போகிறது. மீதி 28 சதவீதம் சூரியச் சக்கரத்துக்குப் போய் மின்சாரமாகி, இரண்டாவது மோட்டார் வழியாகச் சக்கரத்தை அடைகிறது அல்லது பேட்டரியில் தங்குகிறது. இந்த விகிதம் எப்போதும் மாறாது. மாறுவது சுழலும் வேகங்கள் மட்டுமே. கார் நிற்கிறது, இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது என்றால், அசையாத வளையத்துக்குள் சூரியச் சக்கரம் 3,600 சுற்று சுற்றி மின்சாரம் தயாரித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் அணைந்து கார் மோட்டாரில் ஓடினால், சூரியச் சக்கரம் வளையத்தைப் போல 2.6 மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும். முதல் மோட்டார் தன் சுழற்சியைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் இன்ஜினின் வேகத்தை விரும்பிய இடத்தில் நிறுத்திவைக்கிறது. இரண்டாம் தலைமுறை பிரியஸில் மணிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டருக்கு மேல் இன்ஜின் சுழன்றே ஆக வேண்டும் என்ற வரம்பு இருந்ததற்கும் இதுவே காரணம். அதற்கு மேல் போனால் சூரியச் சக்கரத்தில் உள்ள மோட்டாரின் எதிர்ச்சுழற்சி எல்லை மீறிவிடும்.

இதில் கிளட்ச் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இல்லை, மாற்றிக்கொள்ளும் கியர்கள் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. விளம்பரத்தில் இ-சிவிடி என்று போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே பெல்ட் ஓடும் சாதாரண சிவிடி கியர்பாக்ஸ் என்று எண்ணிவிட வேண்டாம். எப்போதும் பிணைந்தே சுழலும் பல்சக்கரங்கள் மட்டுமே உள்ளே இருக்கின்றன. தேயக்கூடிய பாகங்கள் இவ்வளவு குறைவாக உள்ள கியர்பாக்ஸ் வேறு இல்லை என்பதே என் துணிபு. இலங்கையில் பழைய அக்வாக்களும் (டொயோட்டாவின் சிறிய ஹைப்ரிட்) பிரியஸ்களும் இன்றும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருப்பதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காணலாம். மோட்டாரால் தனியாகவும் ஓடக்கூடிய கிராண்ட் விட்டாராவின் வலுவான ஹைப்ரிட் வடிவம், அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், கேம்ரி ஆகிய எல்லாமே இந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

வேகத்துக்கேற்ப வழி மாற்றும் ஹோண்டா

2022 மே மாதத்தில் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி இ-ஹெச்இவி, நகரத்துக்குள் சீரிஸ் வகையாகவும் நெடுஞ்சாலையில் பேரலல் வகையாகவும் நடந்துகொள்கிறது. இன்ஜினோடு ஒரு ஜெனரேட்டரும், சக்கரத்தோடு தனி மோட்டாரும் இருக்கின்றன. நகர வேகத்தில் இன்ஜின் மின்சாரம் மட்டுமே தயாரிக்கும். சீரான நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் சேர்ந்து, ஒரே ஒரு உயர்கியர் விகிதத்தில் இன்ஜினை நேரே சக்கரத்தோடு பூட்டிவிடும். சீரிஸ் வகைக்கு நெடுஞ்சாலையில் இருந்த குறையை ஒற்றைக் கிளட்ச்சால் நீக்கிய இந்த எளிமை மெச்சத்தக்கது.

இங்கே பலரையும் குழப்பும் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்த வேண்டும். சிட்டியில் இன்ஜின் 98 பிஎஸ் (குதிரைத்திறன்), மோட்டார் 109 பிஎஸ். கூட்டினால் 207 வர வேண்டும், ஆனால் அறிவிக்கப்பட்டது 126 மட்டுமே. கிராண்ட் விட்டாராவிலும் இன்ஜின் 92, மோட்டார் 80, மொத்தம் 116. யாரும் ஏமாற்றவில்லை. முழு வேகத்தில் மோட்டார் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி அதே இன்ஜின் தயாரித்ததுதான். ஒரே பணத்தை இரண்டு பைகளிலும் எண்ணக்கூடாது. இன்ஜினுக்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது பேட்டரி அந்த நொடியில் தரக்கூடிய சக்தி மட்டுமே, கிராண்ட் விட்டாராவில் அது 24 பிஎஸ். அதன் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட்தான்.

பிளக் உள்ளவை

சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட் தனி வகை அல்ல. மேற்சொன்ன ஏதோ ஒரு அமைப்பில் பெரிய பேட்டரியை வைத்ததுதான். 2010 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த செவ்ரோலெட் வோல்ட்டில் 16 யூனிட் பேட்டரி இருந்தது. 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3-இன் ஒரு வடிவத்தில், பேட்டரி தீரும்போது உதவுவதற்கென்றே 647 சிசி சிறு இன்ஜின் வைத்திருந்தார்கள். வால்வோ எக்ஸ்சி90-இன் பிளக்-இன் வடிவத்தில் இன்ஜின் முன்சக்கரங்களையும் மோட்டார் பின்சக்கரங்களையும் ஓட்டுகின்றன. இரண்டையும் இணைப்பது சாலை மட்டுமே. வீட்டில் சொந்தக் கார் நிறுத்தமும் பிளக்கும் இருந்து, அன்றாடப் பயணம் சில பத்துக் கிலோமீட்டரில் முடிபவருக்கு இது பெட்ரோல் பங்கையே மறக்கச் செய்யும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளக் கிடைக்காதவருக்கோ அந்தப் பெரிய பேட்டரி, எங்கு போனாலும் இழுத்துச் செல்ல வேண்டிய சுமை.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியவை

முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். விரல் பருமனில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தெரிந்தால் அது உயர் வோல்ட்டேஜ் அமைப்பு. மோட்டாரால் தனியாக ஓட்ட முடியும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. தெரியாவிட்டால் 12 அல்லது 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தக் கேபிள்களைக் கையால் தொடக்கூடாது.

அடுத்து டிக்கியைத் திறங்கள். பேட்டரி எங்கோ இடம் பிடித்தாக வேண்டும். ஹோண்டா சிட்டியின் 506 லிட்டர் டிக்கி ஹைப்ரிட்டில் 306 லிட்டராகச் சுருங்கியது இதனால்தான். கிராண்ட் விட்டாராவிலும் பேட்டரி டிக்கியின் தளத்துக்கு அடியில் இருப்பதால் பெட்டிகள் வைக்கும் இடம் குறைகிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள் வீட்டுப் பெட்டியையே எடுத்துச் சென்று வைத்துப் பார்ப்பது நல்லது.

பிறகு ஏசியை முழுக் குளிரில் வைத்துக்கொண்டு நெரிசலான சிக்னலுக்குச் செல்லுங்கள், முடிந்தால் மதிய வெயிலில். மைல்டு ஹைப்ரிட்டில் ஏசி கம்ப்ரஸர் பெரும்பாலும் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவதால், இன்ஜின் அணைந்ததும் குளிர் குறையத் தொடங்கும், சிறிது நேரத்தில் இன்ஜின் தானாகக் கிளம்பிவிடும். மே மாதச் சென்னையில் அது அணையாமலே இருந்துவிடுவதும் உண்டு. வலுவான ஹைப்ரிட்டில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் உறங்கும்போதும் அதே குளிர் வந்துகொண்டிருக்கும். இந்த ஒரு சோதனை விற்பனையாளரின் அரைமணிப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

காலியான சாலை கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி இறங்கி, கியர் மாறுவதை முதுகு உணர்ந்தால் பேரலல் வகை. சத்தம் சட்டென்று உயர்ந்து அங்கேயே நிற்க, வேகம் மட்டும் தொடர்ந்து ஏறினால் டொயோட்டா வகையோ சீரிஸ் வகையோதான். சிலர் இந்தச் சத்தத்தைக் கேட்டு இன்ஜின் திணறுகிறது என்று பயப்படுகிறார்கள்; அது தன் மிகச் சிறந்த இடத்தில் நின்று உழைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக, சீரான நெடுஞ்சாலை வேகத்தில் செல்லும்போது திரையில் ஆற்றல் ஓட்டப் படத்தைப் பாருங்கள். ஹோண்டாவில் கிளட்ச் பூட்டிக்கொண்டதும் அந்தப் படத்தில் ஒரு பல்சக்கரக் குறி தோன்றும்.

பணக் கணக்கு

அறிவிக்கப்பட்ட மைலேஜை வைத்தே பார்த்தால், கிராண்ட் விட்டாராவின் மைல்டு வகை 100 கிலோமீட்டருக்கு 4.74 லிட்டரும் வலுவான வகை 3.58 லிட்டரும் குடிக்கின்றன, வித்தியாசம் 1.16 லிட்டர். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மிச்சம் 17,400 ரூபாய். இரண்டு காருக்கும் விலையில் இரண்டு லட்சம் வித்தியாசம் இருந்தால் அதை மீட்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் இந்தக் கணக்கு சோதனைக்கூடத்தின் கணக்கு. நகர நெரிசலில் ஒன்று 12-உம் மற்றொன்று 20-உம் தருவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 100 கிலோமீட்டருக்கு 3.33 லிட்டர் மிச்சமாகி, அதே ஆண்டில் 50,000 ரூபாய் கையில் நிற்கும், நான்கே ஆண்டுகளில் விலை வித்தியாசம் கரையும். எனவே உங்கள் கிலோமீட்டர்களில் எத்தனை பங்கு சிக்னல்களுக்கு இடையே கழிகிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு இந்த எண்களில் உங்கள் எண்களைப் பொருத்திப் பாருங்கள். நாள்தோறும் நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடுபவருக்கு வலுவான ஹைப்ரிட்டை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் ஊர்பவருக்குத் தயங்க மாட்டேன்.

வாங்கிய பின் ஓட்டும் முறை

பிரேக்கைக் கடைசி நொடியில் அழுத்தி மிதித்தால் மோட்டாரால் உறிஞ்ச முடிந்த அளவைத் தாண்டிவிடும், மிச்சத்தை டிஸ்க் பிரேக் எரித்துவிடும். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே மெல்ல மிதிக்கத் தொடங்கினால் அத்தனையும் பேட்டரிக்குப் போகும். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றும் பழைய பழக்கத்தை டொயோட்டா வகைக் கார்களில் விட்டுவிட வேண்டும், ஏனெனில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆவதில்லை. வண்டி பழுதாகி இழுத்துச் செல்ல நேர்ந்தால், முன்சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுக்க அனுமதிக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும், மோட்டார் சுழன்றால் மின்சாரம் பிறக்கும்.

மலைப்பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். குடும்பத்தோடு 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் 7.8 யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஒரு பங்கு போனாலும், 0.76 யூனிட் பேட்டரி குன்னூரைத் தொடுவதற்கு முன்பே நிறைந்துவிடக்கூடும். நிறைந்த பிறகு மோட்டாரால் பிரேக் பிடிக்க முடியாது. அப்போது செலக்டரை B நிலைக்கு (நிறுத்தத்துக்கான P அல்ல) மாற்றினால், பெட்ரோல் செலவின்றி இன்ஜினைச் சுழற்றவைத்து அதன் தடையால் வேகம் கட்டுப்படும். கடலோர ஊர்களில் இருந்து முதன்முறையாக ஹைப்ரிட்டில் மலை ஏறுபவர்கள் இதை இறங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், பேட்டரி நிறைந்தபின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க்குகள் சூடேறிவிடும்.

பழைய ஹைப்ரிட்டை வாங்கும்போது

இரண்டாம் தலைமுறை பிரியஸில் 168 நிக்கல் செல்கள் வரிசையாக இணைந்து 201.6 வோல்ட் தந்தன. அக்வாவில் 120 செல்கள், 144 வோல்ட். ஹைரைடரில் லித்தியம் பேட்டரி, 177.6 வோல்ட். எந்த வேதியியலாக இருந்தாலும் வெப்பமே முதல் எதிரி, அதனால் காரின் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துப் பேட்டரியின்மீது வீச ஒரு சிறு விசிறி இருக்கும். அக்வாவிலும் பிரியஸிலும் அதன் உறிஞ்சுவாய் பின்சீட்டின் ஓரத்தில், குழந்தைகளின் பையும் கடைச் சாமானும் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவர் வாங்க இருந்த பழைய காரில் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வலை முழுவதும் சாம்பல் நிறக் கம்பளிபோலத் தூசி படிந்து, விரல் நுழைய வழியில்லாமல் இருந்தது. மென்மையான தூரிகையால் துடைத்து எடுக்கப் பத்து நிமிடமே ஆயிற்று. ஆனால் அந்தக் காரின் பேட்டரி எத்தனை கோடைகளை அப்படிக் கழித்தது என்பது செல் அடுக்குகளை ஸ்கேனரில் தனித்தனியாகப் பார்த்த பிறகே தெரிந்தது: பாரம் ஏற்றியதும் ஓர் அடுக்கின் வோல்ட்டேஜ் மட்டும் மற்றவற்றைவிடச் சரேலென்று கீழே விழுந்தது.

ஆகவே பழைய காரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். கார் நிற்கும்போது எடுக்கும் அளவு போதாது. ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே ஒவ்வோர் அடுக்கின் வோல்ட்டேஜையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கூடவே சிறிய 12 வோல்ட் பேட்டரியின் வயதையும் கேளுங்கள். கணினிகளை விழிக்கச் செய்வதும் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அந்தச் சிறியதுதான். அது செத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியாது, கார் நகராது.